மூன்று விரல் சந்தனம்

நான் மட்டும் இல்லையென்றால் அந்த வருஷத்துத் தேங்காய் இன்னும் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். சரி, இதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு.

எங்கள் குடகில் மழை ஓய்ந்ததும் தேச்சம்மாவின் வீட்டு முற்றம் ஆஸ்பத்திரி ஆகிவிடும். ஊர்த் துப்பாக்கிகளெல்லாம் பழைய சேலை சுற்றிக்கொண்டு நோயாளிகள் மாதிரி சுவரில் சாய்ந்திருக்கும். அவள் ஒவ்வொன்றையும் மடித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கொண்டுவந்தவரிடம் வாயே திறப்பாள். போன வாரம்கூட ஒரு ரிட்டயர்டு கர்னலிடம், "இது துரு இல்ல சார், காபிக் கறை. இதுக்கா ஜீப்பை எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

தேச்சம்மா என் ஓரகத்தி. நான் மூத்த மருமகள், அவள் இளையவள். கல்யாணமாகி வந்தபோது இரண்டு ஹாக்கி மட்டையும் ஒரு தையல் மெஷினும் கொண்டுவந்தாள். புருஷன் ராணுவத்தில், வருஷத்தில் பாதி எல்லையில் போய்விடும். பொழுது போகாமல் காற்றுத் துப்பாக்கியால் கொய்யாக் காம்புகளைச் சுட்டுப் பழம் பறிப்பாள். மாமியார் முத்தவ்வா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பழத்தை மட்டும் சாப்பிடுவார்.

மாமனாருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி மாமியாரின் பீரோவில் இருந்தது. குழலில் ஏற்றியிருந்த நீல மெருகு, இடி இறங்கப்போகும் மேகத்தின் நிறம். மாமியார் அதில் முகம் பார்த்துத்தான் தலை வாருவார். (தலை வாருவது நான் சேர்த்தது, முகம் பார்த்தது உண்மை.) தேச்சம்மாவுக்கு வந்த நாளிலிருந்தே அதன் மேல் ஒரு கண். அந்த வருஷம், மரத்தில் கட்டிய தேங்காயைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்கு அதை அவளே எடுத்துப் போகட்டும் என்று மாமியார் திடீரென்று சொல்லிவிட்டார்.

"ஆனா குழல்ல ஒரு பொட்டுத் துரு பார்த்தேன், திரும்பப் பீரோவுக்குள்ள போயிடும். அப்புறம் யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

போட்டிக்கு முந்தின நாள் கைல்போது திருவிழா. நடவு முடியும்வரை தொடாமல் வைத்திருந்த துப்பாக்கிகளை அன்றுதான் வெளியே எடுத்து, விளக்கின் முன் வைத்து, சந்தனமிட்டுப் பூச்சொருகிக் கும்பிடுவோம். சந்தனமிடுவது என் வீட்டுக்காரர் மந்தண்ணாவின் வேலை. மற்றவர்கள் பொட்டு வைப்பார்கள்; இவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அன்றும் மூன்று விரலால் குழலின் மேல் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். கும்பிட்டதும் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். அதற்குள் பன்றிக்கறி வாசம் வந்தது, பின்னாலேயே பங்காளிகள் பாட்டிலோடு வந்தார்கள். தேச்சம்மா அடுப்படியில் ஊருக்கே கடம்பிட்டு என்கிற அரிசி உருண்டை அவித்துக்கொண்டிருந்தாள். துடைத்தாயிற்றா என்று அங்கிருந்தே கேட்டாள். ஆயிற்று என்றார் இவர்.

மறுநாள் காலையில் பார்த்தால், காய்ந்த சந்தனத்துக்கு அடியில் மூன்று விரலும் செம்பழுப்பாக எழுந்து நிற்கின்றன. யாருடைய விரல் என்று கேட்கவே வேண்டாம்.

மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். மந்தண்ணா அடுப்படிக்கு ஓடி ஒரு உருண்டைப் புளியோடு வந்தார். குத்துவிளக்கு பளபளக்கிறதே, இதுவும் அப்படித்தானே என்பது அவர் யோசனை.

"அத்தான், அந்தப் புளியோட கிட்ட வந்தீங்க, மரத்துல தேங்காய்க்குப் பதிலா உங்களைக் கட்டிடுவேன்" என்றாள் தேச்சம்மா.

"துரு போகணுமா வேணாமா?"

"துரு போகும், கூடவே நீலமும் போகும். மூணு வெள்ளை விரல் நிக்கும். நீங்க போய் அத்தையச் சாப்பிட உட்கார வைங்க. நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்க விடாதீங்க."

அம்மாவிடம் சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு மேல் கேட்டறியாத மனிதர், அன்று அவருடைய கல்யாணக் கதையைக் கேட்டார். கேட்கக் கேட்க இலையில் கடம்பிட்டு விழுந்துகொண்டே இருந்தது. மாமியார் ஏழு சாப்பிட்டார். நடுவில் ஊறுகாய் எடுத்து வருகிறேன் என்று அவர் எழுந்தபோது மந்தண்ணாவின் காது முதலில் வெளுத்தது, பிறகு மூக்கு. தடுக்க வாயெடுத்தார், வாயில் கறி இருந்தது.

பின்கட்டில் தேச்சம்மா தையல் மெஷின் எண்ணெயைத் துருவின் மேல் விட்டு, ஊறவைத்து, மெல்லிய துணியால் குழலின் நீளவாக்கில் தேய்த்தாள். துணி பழுப்பாயிற்று, விரல்கள் அசையவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்தாள், கீறிவிடும் என்று கீழே போட்டாள். கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் நான் என் பெட்டியிலிருந்து ஒரு பழைய செப்புக் காசைக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தேன். செம்பு இரும்பைவிட மெத்தென்றது. எண்ணெய்க்கு நடுவே அதன் விளிம்பால் பதமாகச் சுரண்டினால் துரு எழும்பி வரும், நீலத்துக்கு ஒன்றும் ஆகாது. சுரண்டினாள், துடைத்தாள், மறுபடி எண்ணெய் விட்டாள். மோதிர விரல் போயிற்று. நடு விரல் போயிற்று. கடைசி விரல் கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுப் போயிற்று. மேலே மெல்லிசாக எண்ணெய் பூசி எடுத்து வந்தாள்.

மாமியார் குழலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். முகம் பார்த்தார். "மந்தண்ணா, அடுத்த வருஷம் ஒத்தை விரல் போதும்" என்றார். சந்தனம் விலை ஏறிவிட்டதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். துப்பாக்கியைத் தேச்சம்மாவின் தோளில் அவரே மாட்டிவிட்டார்.

போட்டியில் அவள் சுட்ட முதல் குண்டுக்கு நாலு இலை விழுந்தது. இரண்டாவதுக்குத் தேங்காய் பிளந்து, இளநீர் நடுவரின் தொப்பியில் கொட்டியது.

இவ்வளவையும் எழுதித் தேச்சம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எண்ணெய்த் துணியைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எல்லாம் சரிதான் அக்கா. ஆனா காசு நீங்க குடுக்கல. நீங்க அத்தான் பக்கத்துல உட்கார்ந்து கறி தின்னுக்கிட்டு இருந்தீங்க. இல்லேன்னா அவர் காது வெளுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊறுகாய் எடுக்க எழுந்தாங்கல்ல, பின்கட்டுக்கு வந்து என் மடியில காசைப் போட்டது அத்தை. 'சீக்கிரம் தேய்டி, இதுக்கு மேல என்னால கடம்பிட்டு தின்ன முடியாது'ன்னாங்க."