நடுவில் ஒற்றைக் கீல்

அண்ணி ஒரு நாளும் எனக்கு வரலாற்றுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதில்லை. இதைப் பல வருடமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். மருந்துக்கடைக்காரருக்கு வரலாறு. முடிவெட்டுகிறவருக்கு அரசியல். எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு விஞ்ஞானம். எனக்கு? பேசும் ஆறு, பறக்கும் கப்பல், மூச்சு விடும் மலை. மீசை நரைத்த ஆள் நான். கடைகளுக்கு ஷட்டர் அடித்துக் கொடுக்கும் பட்டறை நடத்துகிறேன். என்னைப் பார்த்தால் மாயாஜாலக் கதை படிக்கிறவன் மாதிரியா இருக்கிறது?

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் பஸ் ஓட்டினார், அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். என் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரம். ஒடுக்கமான கடை. ஒரு பக்கம் முழுக்க ஃபிரேம்கள், இன்னொரு பக்கம் நாலு தட்டு இரும்பு அலமாரி. அந்த அலமாரியை அடித்துக் கொடுத்தவனே நான். அதில் கண்ணாடிப் பெட்டி வைப்பார் என்று நினைத்தேன். புத்தகத்தை அடுக்கிவிட்டார். மேலே வரலாறு, அடுத்து அரசியல், அதற்கடுத்து விஞ்ஞானம், அடித்தட்டில் மாயக் கதைகள்.

மற்ற கடைகளில் கிட்டத்தில் இருப்பது தெரிகிறதா என்று சோதிக்க ஒரு அட்டையை நீட்டுவார்கள். நாலு வரி இருக்கும். அண்ணி அட்டையைத் தொடமாட்டார்.

“அட்டையைப் படிக்கவா கண்ணாடி போடறீங்க?” என்பார்.

வந்தவர் மூக்கில் அந்தக் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, ஆளுக்கேற்ற ஒரு புத்தகத்தை நடுவில் பிரித்துக் கையில் கொடுப்பார். லென்ஸை மாற்ற மாற்ற எழுத்து தெளியும். கதையும் தெளியும். சரியாகச் சூடு பிடிக்கிற இடத்தில் வெடுக்கென்று மூடிவிடுவார்.

“கண்ணாடிக்கு நாளைக்கு வாங்க. புத்தகத்தை இப்பவே எடுத்துட்டுப் போங்க.”

முடிவெட்டுகிறவர் இதில் கில்லாடி. “இன்னும் சரியா தெரியலம்மா, இன்னும் சரியா தெரியலம்மா” என்று சொல்லிச் சொல்லியே அங்கேயே ஒரு அத்தியாயத்தை முடித்தார். அவர் நாற்காலியில் எந்தக் கட்சிக்காரர் உட்கார்ந்தாலும் அந்தக் கட்சிக்காரராகவே மாறிவிடுகிற மனிதர். அவருக்கு அண்ணி கொடுத்தது, ஒரு ஊரில் குடிநீர்க் குழாயை எந்தத் தெருப்பக்கம் திருப்புவது என்று இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டதைச் சொல்லும் அரசியல் புத்தகம்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் அண்ணி.

“பாவம்மா அந்த ஊர் பார்பர். ரெண்டு கோஷ்டிக்கும் அவன்தானே முடி வெட்டணும்!” என்றார். அந்தப் புத்தகத்தில் பார்பரே கிடையாது.

மருந்துக்கடைக்காரர் எதற்கெடுத்தாலும் அந்தக் காலம் மாதிரி வருமா என்பார். அவருக்குப் பழைய துறைமுகம் ஒன்றின் வரலாறு. அந்தக் காலத்தில் பல்லைப் பிடுங்கிய விதம் அதில் விலாவாரியாக இருந்ததாம். இரண்டே நாளில் திரும்பி வந்தார். “அந்தக் காலமே வேண்டாம்மா” என்றார். ஆனால் கையோடு இன்னொன்று வாங்கிக்கொண்டு போனார்.

டீச்சரம்மா போனில் வருவதையெல்லாம் நம்புவார். எந்தப் பேச்சையும் ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டுப் பார்க்கச் சொல்லும் விஞ்ஞானப் புத்தகத்தை அவருக்குக் கொடுத்தார் அண்ணி. அதிலிருந்து டீச்சரம்மா கடைக்கு வந்தாலே அண்ணிக்கு உதறல். “இந்த லென்ஸ்ல கீறல் விழாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஆரம்பித்துவிடுவார்.

இனி என் கதை. வெல்டிங் கோடு மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் நானும் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தடித்த வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்தார். ஒரு ராஜாவின் பட்டப்பெயர் மட்டுமே மூன்று வரிக்கு ஓடியது. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எனக்குத் திக்கத் திக்க, கண்தான் போதவில்லை என்று அண்ணி லென்ஸைக் கூட்டிக்கொண்டே போனார். நானும் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தன் படிக்கத் திணறுகிறான் என்று சொல்வதைவிடக் கண் தெரியவில்லை என்று சொல்வது கௌரவம் இல்லையா?

அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஷட்டர் அளவெடுத்தேன். டேப்பில் எண்ணெல்லாம் நீச்சலடித்தது. ஷட்டரை மாட்டி இழுத்துவிட்டால் தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.

“ஏம்ப்பா, இது கடைக்கா, பூனைக்கா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார். ஷட்டரைப் பார்த்தார், என் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கொழுந்தனாரே, அன்னைக்கு எழுத்து தெரியலையா, இல்ல வார்த்தை கஷ்டமா இருந்துச்சா?”

“புத்தகத்துல தூசி” என்றேன்.

அதற்கு மேல் கேட்கவில்லை. பவரைக் குறைத்து வேறு கண்ணாடி செய்து கொடுத்தார். கூடவே அடித்தட்டிலிருந்து ஒரு புத்தகம், பெரிய எழுத்தில். ஷட்டருக்கு அடியில் நான் ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். அது அதோடு சரியாயிற்று. எனக்குத்தான் சரியாகவில்லை. இவனுக்கு இதுதான் ஏறும் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார் என்று அன்றைக்கே மனதில் தைத்துவிட்டது.

அந்தப் புத்தகத்தில் ஒரு மலை மூச்சு விடுகிறது. அதற்குக் கதவு போட ஒரு கொல்லன் போகிறான். போனவன், மேலே ஒன்று கீழே ஒன்று என்று கீல் வைக்காமல், நடுவில் ஒற்றைக் கீல் வைக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக அண்ணி கடைக்குப் போனேன்.

“யார் அண்ணி இதை எழுதினது? நடுவுல ஒரு கீல் வச்சா அவ்வளவு பெரிய கதவு ஒரு வாரத்துல தொங்கிப்போயிடும்!”

“மலை உள்ளேருந்து மூச்சு விட்டுத் தாங்குதே!”

“மூச்சு இழுக்கும்போது?”

அண்ணி யோசித்தார். “அதை அவர் எழுதல” என்றார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணாடி வாங்க வந்தவர் பயந்து வெளியே போய் நின்றார்.

அதற்குப் பிறகு வருடக்கணக்காக அடித்தட்டுதான். பறக்கும் கப்பலின் நங்கூரத்துக்காக ஒரு சண்டை, பேசும் ஆற்றின் மதகுக்காக ஒரு சண்டை. “அண்ணி கடையா, பட்டிமன்றமா?” என்பாள் என் மனைவி. நான் படிக்கும் வேகமும் எனக்குத் தெரியாமலே கூடிவிட்டது. ஆனாலும் மேல்தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழைய நினைப்பு வந்துவிடும்.

போன மாதம் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுவது என்று முடிவு. அண்ணி கடையைக் காலி செய்தார். ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம் என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நான் நேரே போய் மேல்தட்டில் கை வைத்தேன். அதே தடித்த ராஜா புத்தகம்.

பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? “என்னப்பா, ராஜா கதையா? உன் ஷட்டர் மாதிரி பாதியில நின்னுடப் போகுது!”

எனக்கு அடக்க முடியவில்லை. “பாத்தீங்களா அண்ணி? நீங்களும் இப்படித்தானே நினைச்சீங்க? இவனுக்கு இதெல்லாம் ஏறாதுன்னுதானே கடைசித் தட்டையே காட்டினீங்க?”

அண்ணி கையிலிருந்த ஃபிரேமைத் துணியில் துடைத்து வைத்தார்.

“இத்தனை வருஷமா இதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தீங்களா?” என்றார். “மேல மூணு தட்டும் கடைக்கு வர்றவங்களுக்குன்னு வாங்கினது. கீழ்த்தட்டு நான் படிக்க வாங்கினது. எனக்குப் பிடிச்சதெல்லாம் அங்கதான் இருக்கு.”

“அதைப் போய் எனக்கு எதுக்குக் கொடுத்தீங்க?”

“யார்கிட்ட கொடுத்தாலும் சின்னப்பிள்ளைக் கதைன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. உங்க அண்ணன் ரெண்டு பக்கத்துல தூங்கிட்டார். இதோ, இவரும்தான்.” மருந்துக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார். “நீங்க ஒருத்தர்தான் கீல் தாங்காதுன்னு சண்டைக்கு வந்தீங்க. மலைக்கு யாராவது கதவு போடுவாங்களான்னு நீங்க கேக்கவே இல்ல.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“ராஜாவையும் எடுத்துட்டுப் போங்க” என்றார். “அந்தப் பட்டப்பெயரை மட்டும் தாண்டிடுங்க. நானே தாண்டித்தான் படிச்சேன்.”

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்கதான் தூசின்னீங்களே!”

அடித்தட்டுப் புத்தகங்களை மட்டும் பெட்டியில் போட்டுக் கட்டினோம். அவை அவரோடு போகின்றன. வண்டியில் ஏற்றிக் கயிறு இறுக்கும்போது அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“கொழுந்தனாரே, அங்க புது வீட்டுக்கு ஒரு அலமாரி வேணும். நீங்கதான் செஞ்சு கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கணும். இந்தத் தடவை கதவு வச்சு.”

“செஞ்சுட்டாப் போச்சு.”

“கதவுக்கு ஒரே கீல். நடுவுல.”

“தொங்கும் அண்ணி!”

“தொங்கட்டும். நீங்க போடுங்க, பாப்போம்.”