வில்சன் வீட்டுக் கதவில் நான் போட்ட எக்ஸ்

என் முதுகு பிரபலமான கதை

என்னைக் கள்ளி என்று முதலில் சொன்னவர் ஆட்டோ ஓட்டும் ராஜு. அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"சிஸ்டரே, கோவப்படப்பிடாது. வாட்சாப்புல ஒரு கள்ளிக்க படம் சுத்துது. பாத்தா உங்களுக்க முதுகு மாதிரியே கெடக்கு."

போனை வாங்கிப் பார்த்தேன். என் முதுகேதான். யூனிபார்ம் புடவை, தோளில் ஐஸ் போட்ட வேக்சின் பெட்டி, கக்கத்தில் குடை, கையில் சாக்பீஸ். ஒரு வீட்டுக் கதவில் எக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: வெளிமாநிலக் கொள்ளைக் கும்பல் பகலில் ஒரு பெண்ணை அனுப்பி வீடுகளுக்குக் குறி போடுகிறது, எக்ஸ் விழுந்த வீட்டில் இரவில் கொள்ளை, உடனே பகிரவும். நான் பிறந்தது இதே குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டி. வேலை பார்த்தது அருமனைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில், கிராம சுகாதார செவிலியராக. வெளிமாநிலம் என்று நான் போனது களியக்காவிளை தாண்டி, நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு மட்டும்.

புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குறி தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூத்தில் போலியோ சொட்டு மருந்து. அடுத்த நாட்களில் வீடு வீடாகப் போவோம். எல்லாப் பிள்ளைகளும் மருந்து குடித்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் பி. ஒரு பிள்ளை விட்டுப்போயிருந்தாலும் எக்ஸ். எக்ஸ் என்றால் அந்த வீட்டுக்குத் திரும்ப வர வேண்டும் என்று அர்த்தம். வேறொன்றுமில்லை. வருஷக்கணக்காக இதைச் செய்து வந்தோம், ஒருத்தரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பிள்ளைகள் அதன் பக்கத்தில் பூனை வரைந்து வைக்கும், அவ்வளவுதான்.

"ராஜு, இது நான்னு அந்த குரூப்புல சொன்னீங்களா?"

"சொன்னேன் சிஸ்டரே. உனக்கும் கும்பலுல பங்கு உண்டான்னு கேக்கினும்."

அஞ்சு குரூப், ஒரே முதுகு

கையால் தொட்டால் படம் ஓடும் போன் ஊரில் எல்லார் கைக்கும் வந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. என்னிடமும் ஒன்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்தவர்களைப் பிடித்து, கிடைத்த குரூப்பில் எல்லாம் சேர்ந்துகொண்டேன்.

ஆட்டோ ஸ்டாண்டு குரூப்பில் நான் கள்ளி. ரப்பர் விவசாயிகள் குரூப்பில் நிலத்தைப் பிடுங்க வந்த சர்வே ஆள். ஜெபக் குழுவில் என் எக்ஸ் கடைசிக் காலத்தின் அடையாளம். வளைகுடாவில் இருப்பவர்களின் குரூப்பில், ஆம்பிளை இல்லாத வீடாகப் பார்த்துக் குறி போடுகிறவள். தாய்மார்களுக்கான பேஸ்புக் பக்கத்தில் மட்டும்தான் நான் நர்ஸ். ஆனால் என் பெட்டியில் இருந்தது பிள்ளைகளை மலடாக்கும் மருந்து. யூடியூபில் இதே படத்துக்குப் பேய்ப்பட மியூசிக் போட்டு, மூக்கடைத்த கம்ப்யூட்டர் குரல் ஒன்று வாசித்தது. கட்டிய புருஷன்கூட என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முதுகுக்கு அப்படியொரு கூட்டம்.

கதை ஐந்தாக இருந்தாலும் கடைசி இரண்டு வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான். "இது பொய் என்று யாராவது சொன்னால் அவர் விலை போனவர். முழு உண்மை அறிய எங்கள் பக்கத்தில் சேருங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே தொழில்ரீதியாக ஒரு பொறாமையும் வந்தது. நாங்களும் இதைத்தானே செய்கிறோம்? எந்த வீட்டில் எதற்குப் பயம், யாரிடம் எப்படிப் பேசினால் கதவு திறக்கும் என்று தெரிந்துதான் படியேறுகிறோம். அவர்களும் குரூப் குரூப்பாகப் படியேறுகிறார்கள். அவர்களுக்கு வெயில் கிடையாது, நாய் கிடையாது, ஐஸ் உருகுமே என்ற கவலை கிடையாது. பயணப்படி பில் போட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆள் சேர்க்கும் வித்தை

படத்தில் இருந்த கதவு எனக்குத் தெரிந்த கதவு. ஜங்ஷனில் பிளக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருந்த வில்சன் வீடு. அவர் மகள் ஷைனியும் ஷைனியின் கைக்குழந்தையும் அங்கேதான் இருந்தார்கள். மருமகன் ஜோஸுக்கு சவூதி தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. மூன்றரை மாத ஊசி வரை ஷைனி பிள்ளையை ஒழுங்காகக் கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் வில்சன் வாசலை அடைத்துக்கொண்டு "பிள்ளை ஒறங்குது" என்பார். அப்படி ஒரு பிள்ளை உறங்கினால் அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். அதனால்தான் எக்ஸ் போட்டேன்.

அந்தக் கதவை அந்தக் கோணத்தில் எதிரே இருக்கும் வில்சன் கடையிலிருந்து மட்டுமே படம் எடுக்க முடியும். நேரே கடைக்குப் போனேன்.

"வில்சண்ணே, எனக்க முதுக எதுக்கு ஊரெல்லாம் காட்டுதிய?"

மனுஷன் மறுக்கவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எல்லாரையும் சேரச் சொன்ன அந்தப் பக்கத்தின் அட்மின்களில் அவரும் ஒருவர். மற்ற அட்மின்களை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

"சிஸ்டரே, கள்ளன் கதைய நான் நம்பல்ல. பொய்தான். ஆனா ஆளு சேரண்டாமா? ஆர்குட் காலத்துல நான் முழு உண்மையும் எழுதினேன். கம்யூனிட்டில பத்து பேரு. அதுல நாலு பேரு நானாக்கும். பெறவு பேஸ்புக்குல போட்டேன், எனக்க பெஞ்சாதிகூட லைக் போடல்ல. அப்பம் ஒருத்தன் சொல்லித் தந்தான். மொதல்ல அவனவனுக்குப் பேடி, பயம் உள்ளதச் சொல்லு, வருவான். வந்த பெறவு உண்மையச் சொல்லு."

"அந்த உண்மை என்னது?"

கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். உலகத்தின் பெரிய தலைகள் சிலர் ஏதோ ஒரு மலைக்குள் கூடி ஜனத்தொகையைக் குறைக்க முடிவெடுத்துவிட்டார்களாம். சொட்டு மருந்து அவர்களுடைய ஏற்பாடாம்.

"அந்தப் பெரிய தலைகளுக்கு அருமனை எங்க கெடக்குன்னு அறியுமா அண்ணே?"

"அறியாத மாதிரி நடிப்பினும். அதாக்கும் அவங்களுக்க தெறமை!"

எழுந்து வந்துவிட்டேன். நான் பயிற்சியில் படித்த எதிலும் இதற்கு மருந்து இல்லை.

நூறு சதவீதம்

மறுநாள் எக்ஸ் வீடுகளுக்குத் திரும்பப் போனேன். தெருவில் ஒரு எக்ஸ் கூட இல்லை. எல்லாக் கதவிலும் பி.

நடந்தது இதுதான். எக்ஸ் ஆபத்து, பி போட்ட வீட்டுக்கு ஒன்றும் வராது என்று யாரோ கண்டுபிடித்துக் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். ஜனம் எக்ஸை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சொந்தமாக பி எழுதிக்கொண்டது. கரிக்கட்டையில் பி, பெயின்டில் பி, பிள்ளையே இல்லாத கிழவர் ஒருவர் வீட்டில் பாதுகாப்புக்கு இரண்டு பி. ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையிலும் ஒரு பி இருந்தது. வில்சன் வீட்டு பி தனி ரகம். பிளக்ஸ் ஆர்ட்டிஸ்ட் அல்லவா, மஞ்சள் எழுத்துக்குக் கறுப்பு நிழல் கொடுத்து, பேக்கரி போர்டு மாதிரி எழுதியிருந்தார்.

மேற்பார்வைக்கு வந்த ஆட்கள் ஜீப்பில் இருந்தபடியே கதவுகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் போன் செய்தார்.

"சிஸ்டர், உங்க ஏரியா நூறு சதவீதம்! கலெக்டர் மீட்டிங்ல சொல்லப் போறேன்."

"சார், அது ஜனங்க எழுதினது சார்."

"ஜனங்களோட ஒத்துழைப்புன்னுதாம்மா நானும் சொல்லப் போறேன்."

எந்த வீட்டில் மருந்து குடிக்காத பிள்ளை இருக்கிறது என்பதை நினைவிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. மறுபடி ஒவ்வொரு படியாக ஏறினேன். திட்டினார்கள், தேங்காய்த் தண்ணியும் கொடுத்தார்கள். வில்சன் வீட்டில் மட்டும் பிள்ளை இன்னும் உறங்கிக்கொண்டிருந்தது.

தம்மாமிலிருந்து ஒரு தடை

சில வாரங்களில் அடுத்த தெருவில் மணல்வாரி அம்மை வந்தது. ஒரு பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்கள். ஷைனியின் பிள்ளைக்கு அப்போதுதான் ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அந்த அம்மைக்கான ஊசி போட வேண்டிய சமயம். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

வில்சனுக்கும் பயம் வந்தது. பெரிய தலைகள் தூரத்தில் இருந்தார்கள், அம்மை அடுத்த தெருவில் இருந்தது. ஒரு காலையில் துணை சுகாதார நிலையத்துக்கு அவரே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சிஸ்டரே, பிள்ளைக்கு உள்ள ஊசி எல்லாம் போட்டுருங்க. ஆனா ஜோஸ் சம்மதிக்க மாட்டேங்கான்."

"ஏன்?"

"அவன் ஒரு பக்கத்துல வாசிச்சானாம்."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. வில்சன் முகமே சொல்லிவிட்டது. வளைகுடாக் குரூப் வழியாக அந்தப் பக்கத்துக்குப் போன ஜோஸ், கள்ளன் கதையில் தொடங்கி மலைக்குள் கூடும் பெரிய தலைகள் வரை எல்லாவற்றையும் வரி விடாமல் படித்திருந்தான். ஊசி போட்டால் தன் வீட்டுப் படியேற வேண்டாம் என்று ஷைனியிடம் சொல்லியிருந்தான். எழுதினது மாமனார் என்று தெரியாமலே படித்திருக்கிறான்.

"நீங்க எழுதினதுதான்னு சொல்லண்டியதுதானே?"

"சொன்னேன் சிஸ்டரே! வாய்ஸ் மெசேஜ் போட்டேன். உங்கள யாரோ மெரட்டிச் சொல்ல வச்சிருக்கினும்னு சொல்லுதான். பொய்யின்னு சொல்லுகவன் விலை போனவன்னு அதுலேயே எழுதியிருக்குங்கான்."

"அதையும் நீங்கதானே எழுதினிய?"

வில்சன் முந்தின நாளே அந்தப் பக்கத்தில் மறுப்பும் எழுதிப் பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் மற்ற அட்மின்கள் அவரை வெளியே தள்ளிவிட்டு, வில்சன் விலை போய்விட்டார் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு நல்ல கூட்டமாம். அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்த சமாச்சாரம் அவரைப் பற்றியதுதான்.

புதன்கிழமை

புதன்கிழமை தடுப்பூசி நாள். வரிசை முடியும் நேரத்தில் ஷைனி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் போன், பின்னால் வில்சன். யாரும் அவளைக் கூட்டி வரவில்லை, அவளாகக் கிளம்பியிருக்கிறாள். அப்பா பதறிப்போய்ப் பின்னால் ஓடி வந்திருக்கிறார்.

"ஷைனி, நல்லா யோசிச்சியா?" என்று கேட்டேன். படியேற விடமாட்டேன் என்று சொன்னவன் செய்தாலும் செய்வான். அந்த அடி எனக்கு விழாது, அவளுக்குத்தான் விழும்.

"ராத்திரி முழுக்க யோசிச்சேன் சிஸ்டர். அவரு கோவம் எறங்கும். பிள்ளைக்கு ஒண்ணு வந்தா எறங்குமா? போடுங்க."

அப்போது போன் அடித்தது. ஜோஸ். பெஞ்சில் இருந்த தாய்மார்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஷைனி போனை அப்பாவின் கையில் திணித்தாள்.

"நீங்க பேசுங்கப்பா. ஆளு சேத்தது நீங்கதானே."

வில்சன் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு வாசல் பப்பாளி மரத்துக்கடியில் போய் நின்றார். உலகத்துக்கே உண்மை சொன்ன மனுஷனுக்கு ஒரே ஒரு ஆளிடம் பேச வியர்த்து வழிந்தது. "மருமகனே, நான் சொல்லுகதக் கேளும்... இல்ல மருமகனே... மலையும் இல்ல ஒரு மயிரும் இல்ல, நானும் எங்கயோ வாசிச்சு எழுதினதாக்கும்... எனக்க பேத்தி இல்லியா, நான் கெடுதல் நினைப்பேனா?" என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. நான் ஊசியைப் போட்டேன். வாயில் சொட்டு மருந்தும் விட்டேன். பிள்ளை கூரை அதிர அழுதது. அந்த அழுகை தம்மாம் வரை கேட்டது.

வில்சன் உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

திட்டு வாங்கத் தயாராகத்தான் வாங்கினேன். ஜோஸ் திட்டவில்லை.

"சிஸ்டர்... பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா?"

எங்கள் தொழிலில் தினமும் கேட்கிற கேள்வி அது. எத்தனையோ அப்பன்மார் கேட்டு, சலித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சலிக்கவில்லை. வந்தாலும் வரும், பயப்பட வேண்டாம், மருந்து கொடுத்து விடுகிறேன், சாயங்காலம் நானே வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

"போவியளா?" என்றான்.

"எக்ஸ் போட்ட வீடாச்சே, திரும்பப் போவாம இருப்பேனா?"

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் குரூப்பில் மணிக்கணக்காகச் சண்டை போடுவதைப் பார்க்கிறேன். அங்கே ஜெயிக்க முடியாது, உங்கள் மறுப்பையும் சேர்த்து அவர்கள் ஆள் பிடிப்பார்கள். அவர்கள் ஒரு கதவைத் தட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுகிறவர்கள். பயந்துபோன வீட்டுக்கு இரண்டாம் தரம் வந்து, காய்ச்சல் விட்டதா என்று கேட்க மாட்டார்கள். அதைக் கேட்க நாம் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் சொன்னபடி போனேன். பிள்ளைக்கு லேசான சூடுதான், சிரித்துக்கொண்டு கிடந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, வில்சன் நிழல் கொடுத்து எழுதிய அந்த மஞ்சள் பி-யை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். நன்றாகத் தேய்க்க வேண்டியிருந்தது. அப்புறம் சாக்பீஸை எடுத்து என்னுடைய கோணல் கையெழுத்தில் ஒரு பி போட்டேன். வில்சன் எதிர்க் கடையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை படம் பிடிக்கப் போனை எடுக்கவில்லை.