டிக்கி தானாகத் திறக்கவில்லை

போன வருஷம் ஆடி மாசம், அடையாறில் நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டின் கார் பார்க்கிங்கில் நடந்தது இது.

அப்போது என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. என்னைத் திட்டுவதற்கு வேண்டிய அத்தனை வார்த்தையும் பத்திரமாக இருந்தது. இடது கை கொஞ்சம் தளர்ந்திருந்தது; இடது கால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பிசியோதெரபி செய்ய வரும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் ஆறு மாசம்தான் ஆன்ட்டி முக்கியம். இப்ப விட்டுட்டா கால் இறுகிடும்" என்று எச்சரித்துவிட்டாள். இவரோ காலை நீட்டி மடக்கச் சொன்னால், "நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?" என்று டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வார்.

உடம்புக்கு முடியாமல் போவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் புது கார் வாங்கியிருந்தோம். சாவியை நம்மிடம் வைத்துக்கொண்டு, பின்பக்க பம்பருக்கு அடியில் காலைச் சட்டென்று உள்ளே விட்டு வெளியே எடுத்தால், டிக்கி தானாகத் திறக்கும். இவருக்கு அதில் அவ்வளவு பெருமை! ஆனால் சந்தனம் குங்குமம் வைத்த வண்டியைக் காலால் உதைப்பதா என்று மனசு கேட்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காலை நீட்டுவார். பிறகு வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதைப் பார்த்து நான் சிரிக்காத நாளில்லை.

ஒருநாள் எனக்கு அந்த யோசனை வந்தது. பிசியோ பெண் கேட்பதும் இதே மாதிரி அசைவுதானே! "கீழே வாங்க, உங்க காரை நீங்களே திறங்க" என்றேன். மனுஷர் உடனே எழுந்துவிட்டார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை என் தோளில். செருப்பைக் கழற்றினார். இடது காலை நீட்டினார். அது ஆடி அசைந்து போய், பம்பருக்கு அடியிலேயே நின்றுவிட்டது. டிக்கி அசையவில்லை. ஐந்து தடவை, ஆறு தடவை. முகம் சுண்டிப்போய்விட்டது.

எனக்குத் தாங்கவில்லை. தோளில் மாட்டியிருந்த கைப்பைக்குள் கையை விட்டு, சாவியில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டேன். டிக்கி திறந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். அப்புறம் தினமும் இதே நாடகம்தான். நல்லதுதானே செய்கிறோம் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, நான் அடுக்களையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது, பிசியோ பெண்ணிடம் காட்டலாம் என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு கீழே போய்விட்டார். விஷயம் தெரிந்து நான் அடித்துப் பிடித்து ஓடினேன். காலை நீட்டி நீட்டி வேர்த்துப்போய் நின்றிருந்தார். "சென்சார் ரிப்பேர் போல" என்றார். எங்கள் வாட்ச்மேன் பாவம், வெள்ளந்தியான மனுஷர். உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார்: "ரிப்பேர்லாம் இல்ல சார். மேடம் பைக்குள்ள சாவிய அமுக்குனாத்தான் தொறக்கும். நான் டெய்லி பாத்துக்கினுதான கீறேன்!"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

இரண்டு நாள் பேச்சில்லை, பயிற்சியுமில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். நானே கெடுத்துவிட்டேனே, இனி இவர் நடக்கவே மாட்டாரோ என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்றாம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். சுவர்ப் பக்கமிருந்து திரும்பிச் சொன்னார்: "கால் சரியா வரலைன்னு எனக்குத் தெரியாதா? வரவே வராதுன்னு நீயும் முடிவு பண்ணிட்டியேன்னுதான் வலிச்சுது."

கார் சாவியை எடுத்து வந்து அவர் தலைமாட்டில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவராகவே எழுந்தார். சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. வாட்ச்மேன் தோள்கொடுத்தார். எனக்கு கேட் பக்கத்தில் நிற்கத்தான் அனுமதி, அதுவும் வெறும் கையோடு. தினமும் இருபது தடவை கணக்கு. டிக்கி திறக்காது. நாளைக்குப் பார்ப்போம் என்று மேலே வருவோம். மழை வந்தாலும் விடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, கால் சட்டென்று உள்ளே போய் சட்டென்று வெளியே வந்தது. டிக்கி மெதுவாக மேலே எழும்பியது. வாட்ச்மேன் விசில் அடித்தே விட்டார். இவர் மட்டும் சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பி, "ஏய், நீ எதையாவது அமுக்கினியா?" என்று கத்தினார். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அப்படியே அழுதுவிட்டேன். அவரும்தான்.

இப்போது ஊன்றுகோலோடு பார்க் வரைக்கும் தனியாகப் போய் வருகிறார். சட்டைப் பொத்தான் போடத்தான் இன்னும் திணறுகிறார். பார்க்கும்போதெல்லாம் என் கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் கேட்கும்வரை சும்மா நிற்பதும் அவர்மேல் நான் வைத்திருக்கும் நம்பிக்கைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.