ஒரே ஒரு ஜெபம்

போன வருடம் ஆகஸ்ட் மாதம் என் மகள் ஜெமிமா பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் சீருடை போட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கையெல்லாம் சில்லிட்டுப் போகும். சில நாள் வாந்தியும் எடுப்பாள். பள்ளிக்கூடப் பஸ் எங்கள் குடியிருப்பின் கேட்டில் வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அது போன பிறகு அவளுக்கு வலி குறையும். எனக்கு அழுகை தொடங்கும்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். என் கணவருக்குப் புனேயில், மகர்பட்டாவில் வேலை, வீடு ஹடப்சரில். ஞாயிற்றுக்கிழமை கட்கியில் கூடுகிற தமிழ்ச் சபைக்குப் போகிறோம். இந்தப் புனேயில் எனக்குத் துணை என்றால் ஆண்டவரும் அந்தச் சபையும்தான்.

எல்லாம் ஜூன் மழையில் ஆரம்பித்தது. என் கணவர் வேலை முடிந்து வரும்போது வண்டி சறுக்கி விழுந்தார். கையில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டார்கள், கூடிவிட்டது. இத்தோடு போயிற்றே என்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நாங்கள் மறந்துவிட்டோம். ஜெமி மறக்கவில்லை. அன்றைக்குக் கதவைத் திறந்தவள் அவள்தான். சேறும் இரத்தமுமாக அப்பா வாசலில் நின்றதை முதலில் பார்த்தவளும் அவள்தான்.

அதிலிருந்து அவர் கிளம்பும்போதெல்லாம், "அம்மா, ப்ரே பண்ணு" என்பாள். எனக்கு ஒரே சந்தோஷம். இந்த வயதிலேயே பிள்ளைக்கு ஜெப வாஞ்சை வந்துவிட்டது என்று சபையில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்துப்போனேன். கண்ணை மூடி ஜெபிப்பேன். ஆமென் சொன்னதும் அவள் என் முகத்தையே பார்ப்பாள்.

"அம்மா, நீ வண்டி சொன்னே, பிரேக் சொல்லல. இன்னொரு தடவ."

மறுபடி ஜெபிப்பேன்.

"மழை சொல்லல."

மறுபடியும். என் கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். "ஏ கிரேஸ், நான் போறதுக்குள்ள ஆபீஸ்ல என் வேல போயிராம இருக்கணும்னு அதையும் சேத்துக்கோ" என்று கிண்டல் பண்ணுவார். ஜெமி அதையும் சேர்க்கச் சொல்லி அழுதாள். அன்றிலிருந்து அவர் கிண்டலை விட்டுவிட்டார்.

பிறகு அந்த ஜெபம் நீண்டுகொண்டே போனது. லிஃப்ட், பஸ், கேஸ் அடுப்பு, நான் காய்கறி வாங்கப் போகும் ரோடு. ஒன்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலியே? பக்கா?" என்று கேட்பாள். "ஆமா பிள்ளே, பக்கா" என்று நான் உள்ளிருந்தே சத்தம் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பாள்.

குழந்தை மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் பிள்ளை நடிக்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. வலி நிஜம்தான், அது பயத்தினால் வருகிறது, பிள்ளைகளுக்கான மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து, உபவாசம் இருந்தேன். மனநல டாக்டர் என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே போனால் பிள்ளைக்கு என்ன பேர் வருமோ, ஆண்டவரை நம்பாமல் போன மாதிரி ஆகிவிடுமோ என்று மனம் அடித்துக்கொண்டது.

ஒரு நாள் அவள் சாப்பிடவே இல்லை. நான் சமையலறையில் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடும். எந்த வழியிலாவது கொடும்" என்று கதறினேன். அதுவரை நான் அப்படி ஜெபித்ததில்லை. எந்த வழியில் செய்ய வேண்டும் என்பதையும் நானேதான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு மனநல டாக்டருக்கு ஃபோன் செய்து நேரம் கேட்டேன்.

அந்த டாக்டர் மராத்திக்காரர், என் வயதுதான் இருக்கும். எங்களிடம் இந்தியில் பேசினார். ஜெமியோடு தரையில் உட்கார்ந்து, உன் பயம் எப்படி இருக்கும், வரைந்து காட்டு என்றார். அவள் ஒரு குண்டுப் பூனையை வரைந்தாள். வாசலில் வந்து கத்துகிற பூனைக்குத் தினமும் பால் ஊற்றினால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். "ரோஜ் ஆயேகி" என்றாள் ஜெமி. தினமும் வருமாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் அவள் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

இது பிள்ளைகளுக்குப் பரவலாக வருகிற பதற்ற நோய், யாருடைய வளர்ப்பும் காரணமில்லை, நிச்சயம் சரிசெய்யலாம் என்று டாக்டர் விளக்கினார். சில பிள்ளைகளுக்கு மருந்தும் தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஜெமிக்கு இப்போதைக்குப் பயிற்சியே போதும் என்றார். பிறகு, அவள் பயப்படும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"ஜெபிப்பேன்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

"எத்தனை முறை?"

மனசுக்குள் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "தாராளமாக ஜெபியுங்கள். காலையில் ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அவள் கேட்டாலும் வேண்டாம். ஜெபத்தில் எதுவும் விட்டுப்போகாததால்தான் அப்பா பத்திரமாக வருகிறார் என்று அவள் நினைக்கிறாள். வீட்டில் எல்லார் உயிரையும் இந்தச் சின்னப் பெண் தன் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் கோபமாகத்தான் இருந்தேன். பிள்ளை கேட்டும் ஜெபிக்காதே என்று ஒருவர் சொல்லி நான் கேட்பதா? எங்கள் சபையின் எஸ்தர் அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். அக்கா கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அரே கிரேஸ், ஒரு தடவ சொன்னா ஆண்டவருக்குக் கேக்காதா? அவர் என்ன நெட்வொர்க் இல்லாத ஏரியாவுலயா இருக்காரு?" பிறகு, "நீ திரும்பத் திரும்பப் பேசுறது அவர்கிட்டயா, இல்ல ஜெமியோட பயத்துகிட்டயா? யோசிச்சுப் பாரு" என்றார்.

யோசித்தேன். அன்றைக்கு முழுக்க அதையே யோசித்தேன்.

மறுநாள் காலையில் ஒரு முறை ஜெபித்து, ஆமென் சொன்னேன். ஜெமி உடனே, "பஸ் டிரைவர் அங்கிள் சொல்லல. ஒன்ஸ் மோர்" என்றாள்.

டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, "ஒனக்குப் பயமா இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியுது பிள்ளே. ஜெபம் முடிஞ்சிட்டு. வா, ஷூ போடுவோம்" என்றேன்.

அவள் அலறினாள். "நீ ப்ரே பண்ணலன்னா அப்பாக்கு ஏதாவது ஆயிடும்! ப்ளீஸ் அம்மா!" என் கையைப் பிடித்துத் தானே சேர்த்து வைத்து, ஜெபிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். ஜெபிக்கச் சொல்லி அழுகிற பிள்ளைக்கு இல்லை என்று சொன்னதைப் போல வேதனை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டேன். தட்டிக் கொடுத்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை. ஆண்டவரே, நீர் கேட்டுவிட்டீர், நீர் கேட்டுவிட்டீர் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. அழுகை மெல்லத் தேம்பலானது. தேம்பலும் அடங்கியது. பயம் எவ்வளவு உயரம் ஏறினாலும் தானாக இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. பரவாயில்லை. கேட் வரைக்கும் நடந்துபோய் வந்தோம்.

அப்புறம் டாக்டர் சொன்ன பயிற்சியை ஒவ்வொரு படியாகச் செய்தோம். நான் கீழே போய்ப் பால் வாங்கி வரும்வரை அவள் அப்பாவோடு வீட்டில் இருப்பாள். பிறகு பள்ளிக்கூடத்தில் அரை நாள். வகுப்பு டீச்சர் அன்பாக ஒத்துழைத்தார். நடுவில் ஒரு வாரம் காய்ச்சல் வந்து படுத்தாள், பழைய பயமெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது. நான் உடைந்துபோனேன். இது வழக்கம்தான், விட்ட இடத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்றார் டாக்டர். ஆரம்பித்தோம். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அவள் முழு நாளும் போகத் தொடங்கினாள்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். காலைக் குளிரில் கேட்டில் நின்றோம். பஸ் வந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாவுஷி கதவைத் திறந்தார். ஜெமி தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா!" என்று கத்தினாள். ஜெபம் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"வாட்டர் பாட்டில் உன் கையிலயே இருக்கு!"

ஓடிப்போய்க் கொடுத்தேன். பஸ் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலையில் நாங்கள் ஜெபிக்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை, அவசரத்தில் நானும் மறந்துபோனேன். கேட்டில் நின்று வாட்ச்மேன் முன்னாலேயே அழுதேன். பாவம், அவர் பதறிப்போய் நாற்காலியை எடுத்துப் போட்டார். என் மகள் என்னிடம் ஜெபம் கேட்காமல் போனாளே, அதுதான் என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்.

இப்போதும் பரீட்சைக்கு முன்னால் பயம் வரும். "அம்மா, பூனை வந்திருக்கு" என்பாள். வரட்டும், பால் கிடையாது என்பேன். சிரித்துக்கொண்டே கிளம்புவாள். நானும் மாறித்தான் போனேன். இப்போதெல்லாம் ஒரு முறை சொல்லிவிட்டு, ஆண்டவர் கையில் விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இதைப் படிக்கிற அம்மா யாராவது, பள்ளிக்கூடம் போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையோடு உட்கார்ந்திருந்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். பிள்ளையைத் திட்டாதீர்கள். உங்களையும் திட்டிக்கொள்ளாதீர்கள். முழங்காலில் நில்லுங்கள், எழுந்து டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். இரண்டு வழியிலும் நடத்துகிறவர் ஆண்டவர் ஒருவர்தான். எங்களைக் கைவிடாதவர் உங்களையும் விடமாட்டார்.

சுற்றுலா போய் வந்த அன்று படுக்கையில் ஜெமி தானாகவே கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா, வண்டி, பிரேக் எல்லாம் வரிசையாக வரும் என்று நான் காத்திருந்தேன்.

"ஜீசஸ், இன்னிக்கு குரங்கு என் சிப்ஸ் பாக்கெட்ட தூக்கிட்டு ஓடிடுச்சு. ரொம்ப மஜா வந்துச்சு. தேங்க்யூ. ஆமென்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.