கெங்கம்மாவின் ஏழு மணி மீன்

"மீன் செய்ய உனக்குத் தெரியும்?" என்பதுதான் டோரதி கேட்ட முதல் கேள்வி.

ராயபுரம் ரயில்வே குடியிருப்பில் அந்தச் சமையலறை வாசலில் நின்றிருந்த கெங்கம்மா, தன்னைக் கூட்டிவந்த புஷ்பவல்லியின் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பாப்பா, என்னப் பாத்தா இத்தக் கேக்குது?"

"சொல்லுங்கக்கா."

"தெரியும்னு சொல்லு. மீனு மூஞ்சிலதான் கண்ணே முயிச்சேன்னு சொல்லு."

புஷ்பவல்லி தெரியும் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். அதன்பிறகு டோரதி ஆங்கிலத்திலேயே பேச, புஷ்பவல்லி ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்துச் சொன்னாள். டோரதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறேகாலுக்குத்தான் வீடு திரும்புவாள். அவள் கணவர் கூட்ஸ் வண்டி கார்டு. ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே ஏழு மணிக்குத் தட்டு மேசைமேல் இருக்கவேண்டும். அவருக்கு வயிற்றில் புண். மிளகாய் கூடாது, புளி கூடாது, மசாலா எதுவும் கூடாது. உப்பும் மிளகுத் தூளும் போட்டு, வெண்ணெயில் தோலோடு வாட்டிய மீன் வேண்டும். தோல் மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு போலவும் இருக்கவேண்டும். கால் மணி நேரத்து வேலைதான். இதற்கு முன் இருந்த சமையற்காரி ஏழரை வரைக்கும் அடுப்போடு மல்லுக்கட்டிவிட்டு அவரைப் பட்டினியாக அனுப்பியிருக்கிறாள்.

கெங்கம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மொளகா இல்ல, புளி இல்ல, மஞ்சா கூட இல்ல. இது சோறா, பத்தியமா?"

"என்ன சொல்றான்?" என்றாள் டோரதி. அவள் தமிழில் ஆணும் பெண்ணும் அடிக்கடி இடம் மாறிக்கொள்வார்கள்.

"சுலபம் என்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் புஷ்பவல்லி.

அப்படியானால் சனிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றாள் டோரதி. புஷ்பவல்லிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்ன ஒரு பொய் அந்த வாரம் முழுவதும் அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

கெங்கம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்மண்டபத்துக்குக் கிழக்கே, கடலோரக் குப்பத்தில் குடியிருந்தாள். புருஷன் தேசப்பன் கட்டுமரம் ஏறுகிறவர். பதினாறு வயதில் தலையில் ஏறிய மீன்கூடையை அவள் அதன்பிறகு இறக்கவே இல்லை. தண்டையார்பேட்டை வரைக்கும் நடந்தே வந்து விற்பாள். புஷ்பவல்லி வீட்டு வாசலில் தினமும் பத்து நிமிஷம் கூடையை இறக்கி வைத்து, அடுத்த வீட்டு மாமியாரையும் எதிர்வீட்டு மருமகளையும் ஒரே வாயால் கேலி செய்துவிட்டுப் போவாள். பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தாலும் வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத புஷ்பவல்லி, அந்தக் கேலியைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுச் சிரிப்பாள்.

அந்த ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், கூடையை இறக்கிய கெங்கம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலது பக்கம் மரத்துப்போய், விரல்கள் வரைக்கும் எறும்பு ஊர்ந்தது. பிடரி எலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலையில் ஒரு படி அரிசிகூடச் சுமக்கக்கூடாது, மீறினால் கை விழுந்துவிடும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வைகாசியிலிருந்து தேசப்பனுக்கும் கடலில் மீன்பாடு சரியாக இல்லை. கரையில் உட்கார்ந்து விற்கலாமென்றால் அங்கே ஒவ்வொரு முழம் மணலுக்கும் ஏற்கெனவே ஆள் இருந்தது. இரண்டு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு, மறுபடி கூடையைத் தூக்கப்போகிறேன், கை விழுந்தால் விழட்டும் என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் புஷ்பவல்லிக்கு டோரதியின் ஞாபகம் வந்தது.

நர்ஸ் வேலை உறுதியாக வேண்டுமானால் டோரதி ஒரு தமிழ்த் தேர்வு எழுதியாகவேண்டும். வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை புஷ்பவல்லிதான் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலுக்கு ஆள் வேண்டுமென்று டோரதி சொல்லியிருந்தாள். புஷ்பவல்லி தானாக வாயைத் திறந்து ஒருவருக்கு வேலை கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டோரதியிடம் ஒரு சமையல் புத்தகம் இருந்தது. அதில் ரோஜா நிறத்தில் ஒரு மீன் துண்டின் படம், பெயர் சால்மன். கெங்கம்மா படத்தை உற்றுப் பார்த்து, இது நம்ம கடல் மீன் இல்லை, வெள்ளைக்காரர்கள் காலா மீனைத்தான் இந்தப் பேர் சொல்லி வாங்குவார்கள், அதுவே போதும் என்றாள். சொன்னபடி திங்கட்கிழமை நல்ல காலா ஒன்று வாங்கிவந்து, முள் ஒன்றுகூட இல்லாமல் பாளம் பாளமாக அரிந்து வைத்தாள். அந்த அரிவாள்மனை வேலையைப் பார்த்து டோரதி அசந்துபோனாள்.

புஷ்பவல்லி புத்தகத்தைத் தமிழில் மூன்று தடவை சொன்னாள். ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். சட்டி நன்றாகக் காயவேண்டும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு ஐந்து நிமிஷம் தொடாமல் விடவேண்டும். ஒரே ஒரு தடவை திருப்பி, இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடவேண்டும்.

"மீன ஒத்தி எடுக்கறதா? கொயந்தையா அது, குளிப்பாட்டித் தொவட்றதுக்கு?" என்று சிரித்தாலும் கெங்கம்மா துணியை எடுத்தாள்.

முன்னறையில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து சடசடவென்று வெண்ணெய் வெடிக்கும் சத்தம் கேட்டது. மீன் மேசைக்கு வந்தபோது தோல் சட்டியோடு போய், சதை மட்டும் உதிரியாகத் தட்டில் இருந்தது. கார்டு ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுக் கிளம்பினார். கெங்கம்மா சட்டியைச் சுரண்டிக்கொண்டே, "மீனு உப்புமா ஆய்ட்ச்சி" என்றாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் அதே உப்புமா. சிரிப்பு இல்லை.

புஷ்பவல்லிக்கு அன்று தூக்கம் வரவில்லை. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. புத்தகத்தைக் கேட்டு வாங்கிவந்து ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி அருகருகே வைத்துப் பார்த்தாள். விட்டுப்போனது எதுவுமில்லை. இருந்தும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்ற பயம் போகவில்லை. சொன்ன பொய் வேறு முன்னால் வந்து நின்றது. சுலபம் என்று கெங்கம்மா எப்போது சொன்னாள்?

புதன்கிழமை கெங்கம்மா கருக விட்டுவிட்டாள். பாடம் முடிந்து எழுந்தபோது டோரதி குரலைத் தாழ்த்தி, உன் ஆள் நல்லவள்தான், ஆனால் பெரம்பூரிலிருந்து வேறொருத்தி சனிக்கிழமை வருகிறாள் என்றாள். புஷ்பவல்லி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். கேட் ஓரமாகக் கெங்கம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தொரசாணி இன்னா சொல்ச்சி?"

"ஒண்ணுமில்லக்கா."

"கூடைய கூரை எறவாணத்துல சொருகி வெச்சிக்கீறேன். அத்த மறுக்கா தூக்கறதுக்கு எறக்கிடலாமான்னு எங்க வூட்டுக்காரரு கேட்டுகினு கீறாரு. இன்னா சொல்லட்டும்?"

சனிக்கிழமை வரைக்கும் இறக்கவேண்டாம் என்றாள் புஷ்பவல்லி.

வியாழக்கிழமை டோரதி வர நேரமாகும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். புஷ்பவல்லி முன்னறையில் உட்காராமல் சமையலறைக்குள் போய்ச் சுவரோரமாக நின்றாள். கெங்கம்மா பாளத்தை ஒற்றி எடுத்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை. உப்பும் மிளகும் தடவினாள். பம்ப் ஸ்டவ்வின் மேல் சட்டி காய்ந்தது. வெண்ணெய் நுரைத்து அடங்கியது. வலது கை பாளத்தை எடுப்பதற்குள் இடது கை பக்கத்திலிருந்த தண்ணீர் பேசினில் நனைந்து, விரல்களைச் சுண்டி மீன்மேல் தண்ணீர் தெளித்தது.

பாளம் விழுந்ததும் சட்டியில் வெண்ணெய் வெடித்தது.

"அக்கா, தண்ணி தெளிச்சீங்க."

"எங்க தெளிச்சேன்?"

"இப்பதான். இந்தக் கையால."

கெங்கம்மா இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. யாருடைய கையையோ பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள்.

வெயிலில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மீன் காயாமல் இருக்க நொடிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்கவேண்டும். பேரம் பேசும்போதும் சண்டை போடும்போதும் சில்லறை கொடுக்கும்போதும் அந்தக் கை தன்பாட்டுக்குத் தெளித்துக்கொண்டிருக்கும். முப்பது வருஷமாக அதை யாரும் ஏவவில்லை.

புஷ்பவல்லி பேசினைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டு வந்தாள். இன்னொரு பாளம் இருந்தது. இந்தத் தடவை வெண்ணெய் வெடிக்கவில்லை. சன்னமாக ஒரே சீராகப் பொரிந்தது. சுவர்க்கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் போனது. தண்ணீர் கிடைக்காத இடது கை கொஞ்சம் தவித்தது. அடுத்த நிமிஷம், வாங்க வந்தவளுக்கு மறுபக்கம் காட்டுவதுபோல மீனின் வாலோரத்தைப் பிடித்துப் புரட்டிவிட்டது. பாதித் தோல் சட்டியில் நின்றுகொண்டது.

மற்றப் பாதி பொன்னிறத்தில் கண்ணாடிபோல மொறுமொறுப்பாக இருந்தது. அதைத்தான் அன்றைக்குக் கார்டு தின்றார். கொஞ்சம் நிமிர்ந்துகூடப் பார்த்தார். ஆனால் பெரம்பூர்க்காரி வருவதைப் பற்றி டோரதி மாற்றி எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் பாக்கி. பாடத்தின் நடுவில், எழுதிக்கொண்டிருந்த டோரதியிடம் கேட்காமலேயே புஷ்பவல்லி எழுந்து உள்ளே போனாள். மணி ஆறு ஐம்பது. சட்டி காய்ந்திருந்தது. கெங்கம்மா இடது கையை முந்தானையில் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தாள். அது அதற்குள்ளேயே நெளிந்துகொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. முந்தானையை உருவிவிட்டுக் கையை நீட்டினாள். செதில் கீறிக் கீறித் தடித்துப்போன கை.

"பாப்பா, எனக்கு இன்னும் அஞ்சே அஞ்சி நிமிசம் ஓணும். இந்தக் கைய நம்ப முடியல. நாத்தம் அடிக்கும், பாக்காத. கெட்டியாப் புடிச்சிக்கோ. நானே கெஞ்சினாலும் வுட்றாத."