கஸ்தூரியின் வால்வு செட்

சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வெள்ளிக்கிழமை என் பழைய சினேகிதி கஸ்தூரியின் மகன் செந்தில் பெரம்பலூரில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். பழைய போர்வையில் சுற்றிய ஒரு கனத்த பொருளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"சித்தி, அம்மா இத உங்ககிட்ட குடுத்துரச் சொன்னாங்க. அவதான் இதுக்கு ஏங்கிக் கெடந்தான்னாங்க."

போர்வையை விலக்கும் முன்பே தெரிந்துவிட்டது. பழைய வார்னிஷும் சூட்டில் காய்ந்த தூசியும் கலந்த அந்த வாசனையை எங்கே முகர்ந்தாலும் சொல்லிவிடுவேன். கஸ்தூரியின் வால்வு செட். ஏங்கியது உண்மைதான். ஆனால் அது அவளுக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஓய்வு பெற்று, பேத்தியும் எடுத்த பிறகு ஒருத்திக்கு முகம் சிவக்கலாமா? சிவந்தது.

அரியலூர் தொலைபேசி நிலையத்தில் நாங்கள் இருவரும் ஆபரேட்டர்கள். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, திருச்சிக்கும் சென்னைக்கும் பேச நினைக்கிறவர்களுக்கு லைன் போட்டுக் கொடுக்கிற வேலை. சம்பளம் ஒன்று, ஷிப்டு ஒன்று, குடியிருந்த மாடி அறையும் ஒன்று. ஆனாலும் ஜெயங்கொண்டத்திலிருந்து கூப்பிடும் முந்திரி வியாபாரி ஒருவர் என் குரலைக் கேட்டதும், "கஸ்தூரி மேடம் இல்லீங்களா?" என்பார். லைனை நான்தான் போட்டுக் கொடுப்பேன். நன்றியை அவளிடம் சொல்லச் சொல்வார். இப்படி ஆரம்பித்த வயிற்றெரிச்சல் அந்த வால்வு செட் வந்ததும் கொழுந்துவிட்டு எரிந்தது.

அவளுடைய பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்து, தன் வீட்டில் இடமில்லை என்று இவளுக்குக் கொடுத்துவிட்டார். ஆம்ப்ளிபையர் ஒன்று, ரெக்கார்டு சுழற்றுகிற பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு. சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. கண்ணாடி வால்வுகள் மெல்லச் சூடாகி, அடுப்புக் கங்கு மாதிரி உள்ளே சிவந்த பிறகுதான் வாய் திறக்கும். ரேடியோ வைத்திருந்த வீடுகள் ஊரில் நிறைய இருந்தன. டேப் ரெக்கார்டரும் சில வீடுகளில் இருந்தது. ஆனால் வயலின் ஒரு பக்கமும் குரல் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து வந்து, உட்கார்ந்திருப்பவரின் நெற்றிக்கு நேரே ஒன்றாகச் சேர்கிற அதிசயம் எனக்குத் தெரிந்து கஸ்தூரியிடம் மட்டுமே இருந்தது.

நெற்றிக்கு நேரே என்றேனே, அது நடுவில் உட்கார்ந்தால்தான். நடுவில் அவளுடைய நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை கூடவே வேலை பார்க்கிற பெண்களும் சில நேரம் சூப்பர்வைசர் அம்மாவும் வந்து தரையில் உட்காருவார்கள். எனக்கு எப்போதும் வலது ஓரம், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். "அங்கதான்டி உனக்கு நல்லாக் கேக்கும்" என்பாள். நல்லாத்தான் கேட்டது, பாதிப் பாட்டு. கண்ணை மூடி, மூக்குத்தி மினுங்க அவள் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பாட்டு அவளுக்காகவே பாடப்படுகிற மாதிரி இருக்கும். நான் சிமெண்ட் லாரி போகிற தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு மாற்றல் வாங்கி வந்தேன். என் முகவாட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட கணவர் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். பாவம், நல்ல மனுஷர். அதில் பாட்டுக் கேட்கும்போதெல்லாம், இதே பாட்டு அங்கே எப்படிக் கேட்கும் என்றுதான் நினைத்துக்கொள்வேன். ஆபரேட்டர் வேலை இல்லாமல் போனபோது எங்கள் இருவரையும் அவரவர் ஊரில் பழுதுபார்க்கும் பிரிவில் போட்டார்கள். ஈயம் வைத்து வயர் ஒட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். கஸ்தூரியைக் கல்யாணங்களில் பார்ப்பதோடு சரி. மண்டபத்து மேளச் சத்தத்தில் அவள் ஒன்று சொல்ல நான் ஒன்று புரிந்துகொள்ள, இருவரும் தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவோம்.

ரெக்கார்டுப் பெட்டியும் ஸ்பீக்கர்களும் காரிலிருந்து பழுதில்லாமல் இறங்கின. இனி அந்த ஆம்ப்ளிபையரின் கோலத்தைச் சொல்ல வேண்டும். முன்பக்கத் தேக்குப் பலகைக்கு வெள்ளி பெயிண்ட். வால்வுகளுக்கு அடியில் நீல விளக்குகள், கோயில் திருவிழா மாதிரி. தகட்டை அறுத்து, செல்போன் பாட்டுக்காக ஒரு புளூடூத் பலகை. பின்னால் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி. எல்லாம் செந்தில் கல்லூரி நாளில் செய்த திருப்பணி. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு பக்கத்துப் பாட்டையும் வால்யூம் திருகுக்கு முன்பே ஒன்றாக இணைத்து ஒரு மஞ்சள் வயர்! வலதிலும் இடதிலும் ஒரே சத்தம்தான் வரும். ஸ்டீரியோவை வாங்கி அதன் உயிரை எடுப்பதற்கென்றே ஒருவன் உட்கார்ந்து ஈயம் வைத்திருக்கிறான். அன்று செந்திலைத் திட்டிய திட்டில் அவனுக்குப் புரையேறியிருக்கும்.

வேலை மாதக்கணக்கில் இழுத்தது. அவசரப்படவும் முடியாது, சுவிட்சை அணைத்த பிறகும் வால்வு செட்டுக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும், தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும். அதைத் தேக்கி வைக்கிற கன்டன்சர்கள் உப்பிப்போயிருந்தன, மாற்றினேன். பெயிண்டைச் சுரண்டினேன். ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தேன். மஞ்சள் வயரை வெட்டி எறிந்தபோது கிடைத்த திருப்தி இருக்கிறதே! கடைசியில் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வயலின் இடதிலிருந்தும் குரல் வலதிலிருந்தும் வந்து நெற்றிக்கு நேரே சேர்ந்தன. இத்தனை வருஷம் அவள் ஒருத்தியே அனுபவித்தது இதுதானா என்று சந்தோஷத்துக்குப் பதில் கோபம் வந்தது.

உடனே அவளுக்குப் போன் செய்தேன். "வந்து கேட்டுட்டுப் போடி." நல்லெண்ணத்தில் அழைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

பஸ் ஏறி வந்தாள். நான் நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வலது ஓரத்தைக் காட்டி, "அங்க உக்காரு, நல்லாக் கேக்கும்" என்றேன். உட்கார்ந்தாள். பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"குரல் நல்லா வருதுடி. வயலின்தான் எங்கியோ பக்கத்து வூட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு."

"இதுதாண்டி ஸ்டீரியோ. மறந்துட்டியா?"

"அந்த மஞ்ச வயர எடுத்துட்டியா?"

"பின்ன? எந்த மடையன் வச்சானோ!"

"நாந்தான் வச்சேன்" என்றாள். "இந்த எடது காது போயிருச்சுடி. ஒருநாள் காலைல எந்திரிச்சேன், கேக்கல. டாக்டருக்கும் காரணம் தெரியல. பாட்டுல பாதியக் காணோம். ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டா ஒத்தக் காதுக்கு முழுசும் வந்துருமேன்னு வச்சேன்."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் இத்தனை வருஷம் கண் வைத்தவள் நான்தானே. எழுந்து போய் ஈயக்கோலைச் சூடேற்றினேன்.

"வேணாம்டி, உனக்குன்னுதானே குடுத்தேன். நீ ரெண்டு காதாலயும் கேளு."

"சும்மா இரு."

வேண்டும்போது சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு சுவிட்ச் வைத்தேன். அதற்காக, பார்த்துப் பார்த்து ஓட்டைகளை அடைத்த அதே தகட்டில் நானே புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். சேர்த்துவிட்டு முதலிலிருந்து பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பு மெதுவாக வந்தது; விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. எனக்கோ பாட்டு தட்டையாகத்தான் கேட்டது. இரண்டு காதையும் வைத்துக்கொண்டு நான் வெளியே நிற்க, ஒற்றைக் காதோடு அவள் உள்ளே போய்விட்டாள். இதற்கு நான் என்ன செய்ய?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடப் போனேன். அரியலூரில் நாங்கள் வேலை பார்த்த கட்டடத்தில் இப்போது ஒரு டவரும் பூட்டிய கதவும்தான் என்றாள். மாடி அறை இருந்த வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்களாம். முந்திரி வியாபாரி போய்ச் சேர்ந்துவிட்டாராம். சூப்பர்வைசர் அம்மா மகனோடு ஏதோ வெளிநாட்டில். லைனுக்காகக் காத்திருப்பவர்கள் உலகத்திலேயே இல்லை.

அவளை அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, மல்லிகைப் பூ வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. "கஸ்தூரி!" என்று கத்தினேன். கேட்டுவிட்டது. ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒற்றைக் காதுக்குத் தெரியாது போலிருக்கிறது. எதிர்ப்பக்கம் திரும்பி, அங்கே கூட்டத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாளைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைத்தாள். அந்த அம்மாளும் விடாமல், பஸ் மறைகிறவரை பதிலுக்குக் கையசைத்துக்கொண்டே இருந்தாள்.

பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு, யாரென்றே தெரியாத அந்த அம்மாள்மேல் வந்தது பாருங்கள் ஒரு பொறாமை!