காதில் துளையிட்ட அறுபது கிடேரிகள்

கொலீன் ஹாட்ரிக் எழுதிக் கொடுத்தால் அது சரியாக இருக்கும். குயின்ஸ்லாந்தின் வடக்கே அவர் பண்ணையில் பதினோரு வருடம் வேலை செய்தேன்; விற்ற மாட்டை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. பக்கத்துப் பண்ணைப் பொலிகாளைகள் வேலியை முறித்துக்கொண்டு வந்தன. கிடேரி சினையானால் கறிக்கு வாங்குபவர் விலையைக் குறைப்பார். சூலகத்தை எடுத்துவிட்டால் சினை பிடிக்காது; கூலி போனாலும் மேய்ந்ததெல்லாம் சதையாகும். அறுபதுக்கும் எடுத்துவிட முடிவு செய்தார் கொலீன்.

அதை அறுத்தெடுக்க ஆற்றுக்கு அக்கரையிலிருந்து டெஸ்ஸி வந்தான். கிடேரி இரும்புக் கூண்டில் நுழைந்ததும் அவன் பின்னால் வேலையை முடிப்பான். பிறகு கொலீன் முன்னால் நின்று காதில் துளை போடுவார். துளை இருந்தால் மலடு என்று அர்த்தம். வெயில் ஏற ஏற அவர் கை டெஸ்ஸியை முந்திக்கொண்டது.

"இது சினை, நான் தொடமாட்டேன்" என்றான் டெஸ்ஸி.

"காதுல போட்டுட்டேனே."

"அப்ப காதைத் தைக்கிறவனைத்தான் கூப்பிடணும்."

அதன் முதுகில் சிவப்புச் சாயம் பூசினார். அதுவரை பொய்த்த மழை மறுநாள் தொடங்கி மூன்று நாள் கொட்டிச் சாயத்தைக் கழுவிவிட்டது. சோதித்துச் சொல்லக்கூடிய டெஸ்ஸி ஆற்றுக்கு அக்கரையில், பாதை மூழ்கிவிட்டது; அந்தப் பருவம் முழுக்க அவன் வரமுடியாது.

வியாபாரி பாக்டின் போன் செய்தார். "அறுபதும் மலடுன்னு கையெழுத்துப் போட்டு வை, லாரி அனுப்பறேன்."

"அம்பத்தொம்பதுதான்."

"மிச்சம் ஒண்ணு எது?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

"அப்ப எனக்கு அறுபதும் சந்தேகம்தான்."

கொலீன் விற்கவில்லை. வயிறு காட்டிக்கொடுக்கும் என்று காத்திருந்தார். தினமும் காலையில் மந்தைக்குள் குனிந்து குனிந்து மடிகளைப் பார்த்தார். நான்காம் மாதம் ஒன்றின் மடி இறங்கியது. அதைத் தனியே அடைத்துவிட்டு, ஐம்பத்தொன்பது மலடு என்று விற்பனைத் தாளில் நிரப்பி, பாக்டினிடம் லாரி கேட்டார். கையெழுத்துதான் பாக்கி.

அன்று மாலை நான் போய்ச் சொன்னேன்: "பாஸ், இன்னொண்ணுக்கும் மடி இறங்குது."

"அதெப்படி? ஒண்ணைத்தானே அவன் விட்டான்?"

"ஒண்ணுதான் சொன்னான்."

"அவன் தப்பா, என் கை தப்பா?"

கேட்டுக்கொண்டே வேலியருகே போய் நின்றார். எல்லாக் காதிலும் துளை.

"அப்ப அம்பத்தெட்டா?"

"இன்னிக்கு அம்பத்தெட்டு" என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாக்டினுக்குப் போன் செய்து, லாரி வேண்டாம் என்றார்.